சுபாவமும் சிநேகமும்

கூட்டமாக வாழும் ஒரு பிராணி, தன்னைச் சுற்றி இருபது முப்பது பேர் இருக்கும்போது, அவர்களுள் இன்னாரை மட்டும் நாடிச் சென்று தோளோடு தோள் உரச உட்காருவதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி, கேட்பதற்கு மிக எளிதாகத் தோன்றினாலும், விலங்கியல் விஞ்ஞானிகள் அதைக் கேட்கத் தகுந்த கேள்வியென்று ஒப்புக்கொள்வதற்கே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி கழிய வேண்டியிருந்தது. இரை தேடுவது சுலபமாகிறது, பகையினின்று பாதுகாப்புக் கிடைக்கிறது, ஆகையால் பிராணிகள் கூட்டம் கூடுகின்றன என்ற அளவிலே திருப்தியடைந்திருந்த பழைய சாஸ்திரம், அந்தக் கூட்டத்துக்குள்ளே தனித்தனி நபர்கள் இருக்கிறார்கள் என்பதையே தன் கணக்கைக் குழப்பும் ஓர் உபத்திரவமாகக் கருதிற்று. ஒரு குரங்கைப் பற்றி அறிந்தால் அந்த இனத்துக் குரங்குகள் எல்லாவற்றையும் பற்றி அறிந்ததாகும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் பரவலாக இருந்தது.

இந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர்கள் ஜப்பானியர்கள். கின்ஜி இமானிஷியும் அவருடைய மாணவர்களும் 1948-ஆம் ஆண்டு முதல் கோஷிமா தீவு முதலிய இடங்களில் குரங்குகளை ஆராயத் தொடங்கியபோது, ஒவ்வொன்றையும் முகம் பார்த்து அடையாளம் கண்டு, பெயரிட்டு, எது யாருடைய குட்டி, எது யாருக்கு அஞ்சுகிறது, எது யாருடன் சேர்ந்து உண்கிறது என்று வருஷக்கணக்கில் குறித்து வந்தார்கள். 1960-இல் டாங்கனிக்காவின் கோம்பே காட்டுக்குச் சென்ற ஜேன் குடால் சிம்பன்ஸிகளுக்குப் பெயர் வைத்ததும், அவற்றின் குணவிசேஷங்களை வருணித்ததும், பின்னர் அவர் பட்டத்துக்காகச் சேர்ந்த கேம்பிரிட்ஜில் கண்டனத்துக்கு உள்ளாயின. பெயருக்குப் பதிலாக எண் இட்டிருக்க வேண்டும் என்பது பண்டிதர்களின் அபிப்பிராயம். அவர் இணங்கவில்லை, காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. பார்பரா ஸ்மட்ஸ் என்பவர் கென்யாவில் பபூன் குரங்குகளைக் கவனித்து 1985-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘சிநேகம்’ என்னும் சொல்லை வைக்கும் அளவுக்குத் துணிவு வந்துவிட்டது.

ஆயினும், சிநேகம் உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகும், அதன் காரணத்தைப் பிற இடங்களிலேயே தேடினார்கள். 1964-இல் ஹாமில்டன் விளக்கிய ரத்த பந்தக் கொள்கையும், 1971-இல் டிரைவர்ஸ் முன்வைத்த கைம்மாறு கொள்கையும் பெரும்பாலான உதவிச் செயல்களுக்குக் கணக்குச் சொல்லப் போதுமானவையாகத் தோன்றின. உறவினர் என்றால் உதவுவது தன் வம்சத்துக்கே உதவுவதாகும். அந்நியர் என்றால் இன்று கொடுத்தது நாளை திரும்பி வரும். மூன்றாவதாக அந்தஸ்து என்ற ஒன்று உண்டு: உயர்ந்த இடத்திலுள்ள குரங்குக்குப் பேன் பார்க்கப் போட்டியிட்டு, போட்டியில் தோற்றவை தமக்குச் சமமானவற்றோடு திருப்தியடைகின்றன என்று 1977-இல் ராபர்ட் செய்ஃபார்த் காட்டினார். 1986-இல் ஃபிரான்ஸ் டி வால், லட்ரெல் என்னும் இருவர், ரீசஸ் குரங்குகளின் பெண்களிடையே வயதாலும் அந்தஸ்தாலும் ஒத்தவை ஒன்றையொன்று நாடுகின்றன என்று கண்டு, ஒப்புமையே பிணைப்புக்கு அடிப்படை என ஒரு விதியை வகுத்தனர். ‘இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே’ என்று நம் பாட்டிமார் எப்போதோ சொல்லிவிட்டதைத்தான் அவர்கள் சொன்னார்கள் என்றாலும், பாட்டிமார் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, இவர்கள் எண்ணிப் பார்த்தார்கள் என்ற வித்தியாசம் உண்டு.

இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மையே, ஆனால் போதா. உகாண்டாவின் கிபாலே காட்டில் இங்கோகோ என்னும் இடத்துச் சிம்பன்ஸிகளை ஆராய்ந்தவர்கள் 2007-இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாக்கிற்று. அங்கே ஆண்கள் தம்முள் கூடி வேட்டையாடுவதிலும், மாமிசம் பகிர்வதிலும், எல்லை காப்பதிலும் ஒன்றுக்கொன்று துணைநின்ற ஜோடிகளுள் பெரும்பாலானவை நெருங்கிய ரத்த சம்பந்தம் இல்லாதவை. தாய்வழிச் சகோதரர்கள் ஒருவரையொருவர் விரும்பினார்கள் என்பது மெய். எனினும் சகோதரர் கிடைப்பது அரிது, தோழர் தேவைப்படுவதோ அன்றாடம். அப்படியானால், உறவும் இல்லை, வயதும் அந்தஸ்தும் ஒத்தவர் பலர் இருக்கிறார்கள் என்ற நிலையில், அந்தப் பலருள் ஒருவர் மட்டும் தோழராவது எப்படி? இந்த இடத்தில்தான் சுபாவம் என்ற சொல் ஆராய்ச்சிக்குள் நுழைகிறது. ஒரு பிராணி, காலம் மாறினாலும் இடம் மாறினாலும், தன் கூட்டத்து மற்றவரினின்றும் ஒரே விதத்தில் வேறுபட்டு நடந்துகொள்ளுமானால், அந்த நிலையான வேறுபாட்டையே விஞ்ஞானிகள் சுபாவம் என்கிறார்கள். மனத்துக்குள் புகுந்து பார்க்க வேண்டிய அவசியம் இதில் இல்லை.

நேரான பரீட்சை 2014-இல் வெளிவந்தது. யோர்க் மாசன், சோன்யா கோஸ்கி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், ஹாலந்து தேசத்து ஆர்னம் நகரிலும் சுவிட்சர்லாந்தின் கோசாவு நகரிலும் உள்ள மிருகக்காட்சிசாலைகளில் வாழ்ந்த 38 சிம்பன்ஸிகளை எடுத்துக்கொண்டார்கள். ஆர்னம் கூட்டம் டி வால் 1982-இல் எழுதிய நூலினால் உலகப் பிரசித்தி பெற்றது. அரசியல் சூழ்ச்சிகளுக்குப் பேர்போன அந்தச் சபையிலேயே இப்போது சிநேகத்தின் மூலத்தைத் தேடினார்கள் என்பதில் ஒரு ரசம் இருக்கிறது. சிம்பன்ஸிகள் அதுவரை பார்த்திராத பொருள்களையும், தீனியை உள்ளே மறைத்து வைத்த புதிர்ப்பெட்டிகளையும் கூட்டத்தின் நடுவே வைத்தார்கள். எது உடனே நெருங்கிக் கை வைக்கிறது, எது பத்தடி தள்ளி நின்று மற்றவர் கதி என்னவாகிறதென்று பார்க்கிறது, எது முயன்று முயன்று சலிக்காமல் இருக்கிறது, எது இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுகிறது என்பனவெல்லாம் குறிக்கப்பட்டன. அன்றாட நடத்தையும் தனியே குறிக்கப்பட்டது. சிநேகத்துக்கு அளவுகோலாக அவர்கள் கொண்டது உடலோடு உடல் ஒட்டி உட்கார்ந்திருத்தல்.

இந்த அளவுகோலைத் தேர்ந்ததில் உள்ள நுட்பத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பேன் பார்ப்பதையே சிநேகத்தின் அடையாளமாகக் கொள்வது வழக்கமாயிருந்தும், அதில் உபசாரமும் காரியமும் கலந்திருக்கக்கூடும். பெரியவருக்குப் பேன் பார்ப்பவர் எல்லாரும் பெரியவருக்குச் சிநேகிதர் ஆகார். ஒரு வேலையும் இல்லாமல், ஒன்றும் கொடுக்காமல், ஒன்றும் கேட்காமல், பகற்பொழுதில் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்திருப்பதற்கோ வேறு அர்த்தம் கற்பிப்பது கடினம். அவ்வாறு சேர்ந்து உட்காரும் ஜோடிகளைச் சேராத ஜோடிகளோடு ஒப்பிட்டபோது, துணிவிலும், கூடிப் பழகும் இயல்பிலும் முன்னவை ஒன்றையொன்று அதிகமாக ஒத்திருந்தன. ரத்த சம்பந்தமில்லாத ஜோடிகளிலும் இந்த ஒப்புமை காணப்பட்டது. துணிந்தவை துணிந்தவற்றோடும், ஒதுங்குபவை ஒதுங்குபவற்றோடும் உட்கார்ந்தன.

இந்த இரண்டு குணங்களுக்கும் நான் ஒரே மதிப்புக் கொடுக்க மாட்டேன். கூடிப் பழகும் இயல்புடைய இருவர் எந்நேரமும் நடுக்கூட்டத்தில் இருப்பவர்கள். ஆகையால் அவர்கள் சந்தித்துக்கொள்ளும் வாய்ப்பு இயல்பாகவே அதிகம். அவர்களுடைய ஒப்புமை அவர்களைச் சேர்த்ததா, அல்லது அவர்கள் இருந்த இடமே சேர்த்ததா என்று பிரித்துச் சொல்வது சுலபமன்று. துணிவின் விஷயம் வேறு. புதிய பெட்டியொன்றைக் கண்டு அஞ்சுவதற்கும், மத்தியானத்தில் யாரருகே சாய்ந்து தூங்குவது என்பதற்கும் வெளிப்பார்வைக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்படிச் சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் ஒன்றோடொன்று இணைந்து வருமானால் அதுவே வலுவான சாட்சியம்.

ஒற்றை ஆராய்ச்சியை நம்பிச் சித்தாந்தம் கட்டலாகாது என்பதனால் மற்றவற்றையும் பார்ப்போம். கபுச்சின் குரங்குகளைப் பற்றி 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சி, வயது, பால், உறவு, அந்தஸ்து ஆகிய நான்கையும் கணக்கிட்டுக் கழித்த பிறகும், ஒத்த சுபாவமுள்ளவற்றின் உறவே மேலானதாக இருந்தது என்று கூறுகிறது. தாய்லாந்தின் பூ கியோ வனவிலங்குச் சரணாலயத்தில் சுதந்திரமாக வாழும் அஸ்ஸாமியக் குரங்குகளின் ஆண்களிடையேயும் இதே போக்கு இருப்பதாக 2019-இல் அறிவித்தார்கள். அங்கே ஒப்புமைக்கு முக்கியமானது கூடிப் பழகும் இயல்பு. இது காட்டில் கண்டதாதலால், கூண்டு வாழ்க்கையின் விளைவே இதெல்லாம் என்று தள்ளிவிட விரும்புவோர்க்கு ஒரு தடையாக நிற்கிறது.

பாலூட்டிகளை விட்டுப் பறவைகளுக்குப் போனால் விஷயம் இன்னும் சுவையாகிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள வைதம் காட்டில், நம் பட்டாணிக் குருவிக்கு நெருங்கிய உறவான ‘கிரேட் டிட்’ என்னும் சிறு பறவையைப் பல தலைமுறைகளாக ஆராய்ந்து வருகிறார்கள். பறவையைப் பிடித்து, அது அறியாத ஓர் அறைக்குள் விட்டு, அறை முழுவதையும் எவ்வளவு விரைவில் சுற்றிப் பார்க்கிறது என்பதைக் கொண்டு அதன் சுபாவத்தைக் குறித்துக்கொண்டு, காலில் மின்அடையாள வளையம் ஒன்றை மாட்டி விட்டுவிடுகிறார்கள். பிறகு காட்டில் வைத்துள்ள தீனிப்பெட்டிகளுக்கு எது எப்போது யாரோடு வருகிறது என்பதைக் கருவியே பதிவு செய்கிறது. லூசி ஆப்ளின் முதலியோர் 2013-இல் வெளியிட்ட முடிவின்படி, துருதுருவென்று ஆராயும் பறவைகள் கூட்டத்துக்குக் கூட்டம் தாவிப் பலரோடு சொற்ப காலமே பழகுகின்றன. தயங்கும் பறவைகளோ சிலரோடு மட்டும் பழகி அந்தப் பழக்கத்தை நீடித்து வைத்துக்கொள்கின்றன. ஆண்பறவைகள் தம் சுபாவத்தை ஒத்த ஆண்களோடு சேரும் போக்கும் அங்கே தென்பட்டது.

கொசுப்புழுவைத் தின்பதற்காக நம் ஊர்க் கிணறுகளில் விடப்படும் கப்பி மீனும் இதற்கு விலக்கன்று. டிரினிடாட் தீவில் டேரன் குரோஃப்ட் முதலியோர் செய்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பகை மீனை அருகே சென்று உளவு பார்க்கும் துணிச்சலைக் கொண்டு கப்பி மீன்களை வகைப்படுத்தினார்கள். கூச்சமுள்ள மீன்களுக்கே தோழர்கள் அதிகம், பிணைப்பும் பலமானது. துணிந்த மீன்களுக்குத் தொடர்பு குறைவு, பிணைப்பும் மெலிது. மனிதரிடையே நாம் சாதாரணமாக எதிர்பார்ப்பதற்கு இது முற்றிலும் மாறாக இருப்பதைக் காண்க. இங்கிலாந்தில் ஸ்லிம்பிரிட்ஜ் என்னுமிடத்துப் பறவைச் சரணாலயத்தில் வளரும் பூநாரைகளிடையேயும், சண்டைக்காரர்கள் சண்டைக்காரர்களோடும் சாதுக்கள் சாதுக்களோடும் நிற்கும் போக்கு உண்டென்று 2023-இல் எழுதினார்கள். கோடியக்கரைக்கு வந்திறங்கும் பூநாரைக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்து, ஆயிரம் பறவையும் ஒரே அச்சில் வார்த்தவை என்று எண்ணும் நமக்கு இது வியப்பாகவே இருக்கும். இனம் வேறு என்றாலும் குடும்பம் அதுவே.

இதுகாறும் சொன்னவற்றைக் கேட்டு, ஒத்த சுபாவம் சிநேகத்தை உண்டாக்குகிறது என்று ஒருவர் முடிவு கட்டினால், காரண காரியத்தை அறிந்த ஒரு தர்க்கவாதி அவரைச் சும்மா விடமாட்டார். சேர்ந்திருப்பவை ஒத்திருக்கின்றன என்பது கண்கூடு. ஆனால் ஒத்திருந்ததால் சேர்ந்தனவா, சேர்ந்ததால் ஒத்தனவா? மூன்றாவதாக, துணிந்த மீன்கள் எல்லாம் ஆழமான மடுவிலும் கூச்சமுள்ளவை எல்லாம் ஓரத்துப் பாசியிலும் வாழ்ந்தால், விருப்பம் ஏதுமின்றி அண்டை அயலாக இருப்பதனாலேயே அவை தோழரைப்போல் தோன்றலாம் அல்லவா? கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே உணர்ச்சி ஒத்தமையால் நண்பரானார்கள் என்று நம் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். இருவரும் வெவ்வேறு நாட்டில் இருந்ததால் அண்டை அயல் என்ற சந்தேகத்துக்கே அங்கே இடமில்லை. குரங்குக்கும் மீனுக்கும் அந்த வசதி கிடையாது. கண்டு பழகித்தான் ஆக வேண்டும். ஆகவே பழக்கத்தையும் ஒப்புமையையும் பிரிப்பது ஆராய்ச்சியாளன் தலையில் விழுகிறது.

சேர்ந்ததால் ஒத்துப்போவதற்கும் உதாரணம் இல்லாமற் போகவில்லை. 2010-இல் ஹாலந்திலிருந்து எடின்பரோ மிருகக்காட்சிசாலைக்கு ஒரு சிம்பன்ஸிக் குழு கொண்டுவரப்பட்டு, அங்கே முன்னரே வாழ்ந்த குழுவோடு சேர்க்கப்பட்டது. ஆப்பிள் பழத்தைக் கண்டால் இரு குழுவும் வெவ்வேறு விதமாகக் குரல் கொடுத்து வந்தன. இரு தரப்பாருக்கும் நட்பு முதிர்ந்த பின், 2013-க்குள், புதிதாய் வந்தவை பழையவற்றின் குரலையே கைக்கொண்டன என்று 2015-இல் ஒரு சாரார் எழுதினார்கள். அந்த மாற்றம் அவ்வளவு பெரிதன்று என்று மற்றொரு சாரார் உடனே மறுத்தார்கள். வழக்கு எப்படியிருப்பினும், குரல் மாறுவதும் சுபாவம் மாறுவதும் ஒன்றாகா.

எது முன், எது பின் என்ற கேள்விக்கு என் அறிவுக்கு எட்டியவரை நல்ல விடை தருவது கலிபோர்னியாவில் டேவிஸ் என்னும் ஊரிலுள்ள குரங்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைன்ஸ்டைன், கபிட்டானியோ என்பவர்கள் செய்து 2008-இல் வெளியிட்ட வேலை. ரீசஸ் குட்டிகள் சில மாதக் குழந்தைகளாக இருக்கும்போதே அவற்றின் சுபாவத்தை மதிப்பிட்டு எழுதி வைத்துவிட்டு, ஒரு வயதான பிறகு எது எதோடு சேர்கிறது என்று பார்த்தார்கள். நிதானத்திலும், சூழ்நிலைக்கு இணங்கிப் போகும் இயல்பிலும் ஒத்த குட்டிகளே நண்பர்களாயின. சிநேகம் தோன்றுமுன்னரே சுபாவத்தை எழுதி வைத்தமையால், சிநேகம்தான் சுபாவத்தை உருவாக்கிற்று என்ற ஆட்சேபம் இங்கே அடிபட்டுப் போகிறது. ஆடம்பரமில்லாத இந்த ஆராய்ச்சிக்குக் கிடைக்க வேண்டிய புகழ் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

இத்துறையில் எச்சரிக்கை தேவை என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கூடி வாழும் சிலந்திகளின் சுபாவ வேறுபாட்டைப் பற்றி வெளிவந்து பெரிதும் பேசப்பட்ட கட்டுரைகள் சில, அவற்றின் அடிப்படைக் கணக்குகளில் நம்பத்தகாத முறைகேடுகள் தென்பட்டதனால் 2020 முதல் திரும்பப் பெறப்பட்டன. ஆகையால் சிலந்திகளை இக்கட்டுரையில் சாட்சிக்கு அழைக்கவில்லை.

இனி, ஒத்த சுபாவத்தால் என்ன லாபம்? துணிந்தவனுக்குத் துணிந்தவன் இனிக்கிறான் என்று சொன்னால் கேள்வியைத் திருப்பிச் சொன்னதாகுமேயன்றி விடை சொன்னதாகாது. விடை, தோழன் அடுத்து என்ன செய்வான் என்று முன்கூட்டியே அறிய முடிவதில் இருக்கிறது என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒரு சத்தம் கேட்டால் அவனும் ஓடுவான், நானும் ஓடுவேன். ஒரு புதிய மரத்தைக் கண்டால் அவனும் ஏறுவான், நானும் ஏறுவேன் என்ற நிலையில், இருவரும் பிரியாமலே நாளைக் கழிக்கலாம். கென்யாவின் ஸ்வீட்வாட்டர்ஸ் சரணாலயத்தில் எங்கெல்மன், ஹெர்மன் என்பவர்கள் 2016-இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஒளி தருகிறது. சிம்பன்ஸியின் முன் இரண்டு கயிறுகள் தொங்கின. ஒன்றை இழுத்தால் சுமாரான தீனி உடனே தனக்கே கிடைக்கும். மற்றதை இழுத்தாலோ நல்ல தீனி எதிர்க்கூண்டில் இருப்பவனுக்குப் போகும். அவன் மனம் வைத்துப் பங்கு திருப்பி அனுப்பினால் உண்டு, இல்லையேல் வெறுங்கை. எதிரே இருப்பவன் தோழனானால் இரண்டாவது கயிற்றையும், தோழனல்லாதவனானால் முதற்கயிற்றையும் அதிகமாக இழுத்தன. எதிரே இருப்பவனின் போக்கை அறிந்தவனுக்கே இப்படிப்பட்ட சூதில் இறங்கத் துணிவு வரும். தன்னைப் போன்றவனுடைய போக்கு அறிவதற்கு எளிது.

குஞ்சு வளர்ப்பிலும் இதன் பயன் தெரிகிறது. ஜீப்ரா ஃபிஞ்ச் என்னும் சிறு பறவைகளில், புதியதை ஆராயும் சுபாவத்தில் ஒத்த ஆணும் பெண்ணும் வளர்த்த குஞ்சுகள் நல்ல உடல்நிலையோடு இருந்ததை 2011-இல் காட்டினார்கள். முட்டைகளை வேறு கூடுகளுக்கு மாற்றி, வளர்ப்புத் தாய்தந்தையரை வைத்தே இதைச் சோதித்தமையால், பரம்பரையின் பங்கு நீக்கப்பட்டது.

சிநேகமின்மையின் விலையோ சிறிதன்று. போட்ஸ்வானாவின் மோரெமி வனத்தில் பெண் பபூன்களின் சுபாவத்தைச் செய்ஃபார்த், ஜோன் சில்க், டாரதி சேனி ஆகிய மூவரும் 2012-இல் மூன்றாக வகுத்தனர்: எல்லாரிடமும் இணக்கமாயிருப்பவை, விறைப்பாக இருந்து மேலோரிடம் மட்டும் குரல் கொடுப்பவை, தனித்துத் திரிபவை. மூன்றாம் வகையினவற்றின் உடலில் கவலைச் சுரப்பு மிகுந்தும், தோழமை குன்றியும், இருக்கும் தோழமையும் நிலையாமலும் இருந்தன. அந்தஸ்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; உயர்குலத்தில் பிறந்தும் தனித்துத் திரியலாம். உறுதியான தோழமையுள்ள தாய்களின் குட்டிகள் பிழைப்பது அதிகம் என்று அம்போசெலி என்னும் இடத்துப் பபூன்களை வைத்து 2003-லேயே நிறுவப்பட்டிருப்பதால், சுபாவம் என்பது வாழ்வா சாவா என்பதையே தொடும் விஷயமாகிவிடுகிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: விறைப்பானவற்றுக்குத் தோழர்கள் குறைவாயினும் அந்தச் சிலர் மாறாதிருந்தார்கள். இனிய சுபாவம் ஒன்றே சிநேகத்துக்கு வழி என்ற உபதேசத்துக்குப் பபூன்கள் உடன்படவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தால், ஒத்த சுபாவம் சிநேகத்துக்கு ஒரு காரணம் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. அது ஒரு பொது விதி என்பது நிலைநாட்டப்படவில்லை. ஒவ்வோர் இனத்திலும் ஒவ்வொரு குணமே முக்கியமாகிறது: சிம்பன்ஸிக்குத் துணிவு, ரீசஸ் குட்டிக்கு நிதானம், அஸ்ஸாமியக் குரங்குக்குக் கூடிப் பழகுதல். குணமெல்லாம் ஒத்திருந்தால்தான் நட்பு என்று மேற்கூறிய ஆராய்ச்சி எதுவும் சொல்லவில்லை. ரத்த பந்தமும் அந்தஸ்தும் தம் இடத்தை விட்டுக் கொடுக்கவும் இல்லை.

இந்த அறிவு உடனே பயன்படக்கூடிய இடம் மிருகக்காட்சிசாலை. நம் நாட்டு மிருகக்காட்சிசாலைகள் ஒன்றுக்கொன்று பிராணிகளைப் பரிமாறிக்கொள்ளும்போதும், அனாதையாய் வந்த குரங்கையோ யானையையோ ஒரு கூட்டத்தோடு சேர்க்கும்போதும், வயதையும் பாலையும் பார்க்கிறார்கள். சுபாவத்தைப் பார்ப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்துக்கு விடப்படுகிறது. எது முன்கோபி, எது பயங்கொள்ளி, எது புதியவரை ஏற்கும் என்பது தினந்தோறும் தீனி வைக்கும் பணியாளருக்கு மனப்பாடம். மேலே குறித்த ஆராய்ச்சிகளுள் சில இப்படி நாள்தோறும் உடனிருந்து பார்த்தவர்களின் மதிப்பீட்டைத்தான் ஆதாரமாகக் கொண்டவை. ஆகவே, ஒரு பிராணியை இடம் மாற்றும் உத்தரவில் அதன் சுபாவத்துக்கென்று ஒரு கட்டம் ஒதுக்கி, அதை நிரப்பும் உரிமையை அந்தப் பணியாளருக்கே கொடுக்கும்படி சம்பந்தப்பட்ட அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.